சர்வரையே வெட்டினால் சுதந்திரம் எங்கே? ஃபெடிவர்ஸ் மட்டுறுத்தல் பற்றி ஓர் இழை

மார்ச் 3, காலை 8.15 (கேள்வி)

மாஸ்டடானுக்கு (தனித்தனி ஆட்கள் நடத்தும் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் ஃபெடிவர்ஸ் வலையில் ஓடும் ஒரு சமூக ஊடக மென்பொருள்) வந்ததே இங்கே யாரும் யார் வாயையும் அடைக்க முடியாது என்று நம்பித்தான். இப்போது என் சர்வரின் அட்மின் இன்னொரு சர்வரை அடியோடு வெட்டிவிட்டார். அங்கிருந்த 43 பேர் ஒரே இரவில் என் பட்டியலில் இல்லை. முன்பு ஒரே ஒரு பெரிய முதலாளி, இப்போது தெருவுக்கு ஒரு குட்டி ராஜா. இதைத்தான் சுதந்திரம் என்கிறீர்களா?

மார்ச் 3, காலை 10.40

ராஜாவைத் திட்டுவதற்கு முன் அவர் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்று பாருங்கள். இன்னொரு சர்வர்மீது அட்மின் எடுக்கக்கூடிய நடவடிக்கைகள் பல.

லிமிட்: அந்தச் சர்வரின் இடுகைகள் பொது ஓடையில் வராது. நீங்கள் பின்தொடராத ஆள் அங்கிருந்து உங்களைக் குறிப்பிட்டால் அறிவிப்பும் வராது. ஏற்கெனவே பின்தொடர்பவருக்கு எந்த மாற்றமும் இல்லை.

சஸ்பெண்ட்: இது கத்தி. இரு பக்கப் பின்தொடர்தலும் அறுந்துபோகும். அந்த டொமைனிலிருந்து (சர்வரின் இணைய முகவரிப் பெயர்) வந்து உங்கள் சர்வரில் சேர்ந்திருந்த இடுகை, படம், சுயவிவரம் எல்லாம் அழியும்.

இவற்றோடு தனித்தனிப் பெட்டிகளாக இரண்டு உண்டு. ஒன்று, அங்கிருந்து வரும் மீடியா கோப்புகளை மட்டும் மறுப்பது. மற்றது, அங்கிருந்து வரும் புகார்களை மட்டும் மறுப்பது. பிரச்சினை படங்களில் மட்டும் இருக்கும்போது முதல் பெட்டியே போதும். பல அட்மின்கள் இது இருப்பதையே மறந்துவிட்டு நேராகக் கத்தியை எடுக்கிறார்கள்.

43 பேர் காணாமல் போயிருப்பதால் உங்களுக்கு நடந்தது சஸ்பெண்ட். சர்வரின் "அறிமுகம்" பக்கத்தில் மட்டுறுத்தப்பட்ட (கட்டுப்பாடு போடப்பட்ட) சர்வர்களின் பட்டியல் காரணத்துடன் இருக்கும், அதாவது அட்மின் அதைக் காட்டச் சம்மதித்திருந்தால். எல்லோருக்கும் காட்டலாம், உள்ளே நுழைந்த பயனர்களுக்கு மட்டும் காட்டலாம், யாருக்கும் காட்டாமலும் விடலாம். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தவரைக் குட்டி ராஜா என்று அழைக்க எனக்கும் ஆட்சேபணை இல்லை.

மார்ச் 3, காலை 11.05

விட்டுப்போனது: 2024 அக்டோபரில் வந்த 4.3 பதிப்பிலிருந்து, இப்படித் தொடர்பு அறுந்தால் பயனருக்கே அறிவிப்பு வரும். அதைத் தொட்டால் இழந்த தொடர்புகளின் பக்கம் திறக்கும். நீங்கள் பின்தொடர்ந்தவர்கள் ஒரு சிஎஸ்வி (அட்டவணைக் கோப்பு), உங்களைப் பின்தொடர்ந்தவர்கள் இன்னொரு சிஎஸ்வி. இரண்டையும் இன்றே இறக்கி வையுங்கள். முதல் கோப்பை வேறு சர்வரில் உள்ள கணக்கில் ஏற்றினால் 43 பேரையும் மறுபடி பின்தொடரலாம். இரண்டாவது கோப்பு முகவரிப் பட்டியல் மட்டுமே. உங்களைப் பின்தொடர அவர்களை எந்தக் கோப்பும் கட்டாயப்படுத்தாது.

மார்ச் 3, மாலை 6.20

காலையில் லிமிட் பற்றி எழுதியதில் ஒரு துண்டு குறைகிறது. லிமிட் போடப்பட்ட சர்வரிலிருந்து புதிதாக ஒருவர் உங்களைப் பின்தொடர வந்தால், உங்கள் கணக்கு திறந்த கணக்காக இருந்தாலும், அது கோரிக்கையாகவே வந்து நிற்கும். நீங்கள் கையால் அனுமதிக்க வேண்டும். அந்தப் பட்டியலை எட்டிப் பார்க்காமல் மாதக்கணக்கில் விட்டுவிட்டு "யாரும் என்னைப் பின்தொடர்வதில்லை" என்று புலம்புகிறவர்கள் உண்டு.

மார்ச் 4, காலை 7.50

"ஏன் வெட்ட வேண்டும்? பிடிக்காதவர் பார்க்காமல் போகட்டுமே" என்று கேட்டிருக்கிறீர்கள். பதில், சர்வர்கள் தமக்குள் பேசும் நெறிமுறையான ஆக்டிவிட்டிபப் வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. 2018 ஜனவரியில் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி பரிந்துரையாக ஏற்ற அந்த நெறிமுறையில் இடுகை நகலாகப் பயணிக்கிறது. நீங்கள் ஒருவரைப் பின்தொடர்ந்தால் அவர் எழுதுவது உங்கள் சர்வரின் தரவுத்தளத்தில் வந்து உட்காருகிறது. மாஸ்டடானில் படமும் உங்கள் சர்வரின் வட்டில் நகலாகிறது. ஆக, எங்கோ ஒருவர் போட்ட சட்டவிரோதப் படம் உங்கள் அட்மின் வாடகை கட்டும் இடத்தில் இருக்கும். அவர் அதைப் பார்த்திருக்கக்கூட மாட்டார்.

இது வெறும் கற்பனைப் பயம் என்று ஒதுக்க முடியாது. ஸ்டான்ஃபோர்ட் இணைய ஆய்வகம் 2023 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையில், இரண்டே நாளில் சுமார் 3,25,000 இடுகைகளைச் சோதித்து, முன்பே அடையாளம் காணப்பட்ட குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைப் படங்களுடன் 112 பொருத்தங்கள் கண்டார்கள். பெரிய நிறுவனங்களிடம் இதற்கென்று படக் கைரேகை ஒப்பிடும் கருவியும் அதைக் கவனிக்கச் சம்பளக்காரர்களும் இருக்கிறார்கள். பகுதிநேர அட்மினிடம் இருப்பது சஸ்பெண்ட் பொத்தான்.

மார்ச் 4, காலை 8.10

அடுத்தது ஸ்பாம். 2024 பிப்ரவரி அலையில் தாக்கியவர்கள் பெரிய சர்வர்களை உடைக்கவில்லை. பதிவு திறந்தே கிடந்த, கவனிக்க ஆளில்லாத சின்னச் சர்வர்களில் கூட்டம் கூட்டமாகக் கணக்கு தொடங்கி அங்கிருந்து எல்லோருக்கும் அனுப்பினார்கள். அதன்பின் வந்த 4.2.8 பதிப்பில் புதுச் சர்வருக்குப் பதிவு மூடியே வரும்படி மாற்றினார்கள். மட்டுறுத்துனர் யாரும் ஒரு வாரம் எட்டிப் பார்க்காவிட்டால், திறந்த பதிவு தானாகவே அனுமதி கேட்கும் முறைக்கு மாறும். பூட்ட மறந்த வீட்டுக்குத் தானே சாத்திக்கொள்ளும் கதவு.

அந்த வாரம் நல்லவர்களின் குட்டிச் சர்வர்களும் வெட்டு வாங்கின. ஸ்பாம் நின்ற பிறகு அந்தத் தடைகளைத் திரும்பப் பார்த்து எடுத்தவர்கள் எத்தனை பேர்? தடை போடும்போது குறிப்புப் பெட்டியில் தேதியும் "ஸ்பாம், தற்காலிகம்" என்ற இரண்டு சொல்லும் எழுதாதவர் ஆறு மாதம் கழித்து ஏன் போட்டோம் என்றே தெரியாமல் நிற்பார். மட்டுறுத்தலில் பாதி வேலை கணக்குப்பிள்ளை வேலை.

மார்ச் 4, மதியம் 1.30 (கேள்வி கேட்டவர்)

சரி, ஸ்பாமுக்கு வெட்டட்டும். ஆனால் எங்கள் அட்மின் யாரோ தயாரித்த பட்டியலை அப்படியே ஏற்றியிருக்கிறார். இதில் நியாயம் எங்கே?

மார்ச் 4, இரவு 9.15

இந்த இடத்தில் உங்கள் பக்கம்தான் நானும். 4.1 பதிப்பிலிருந்து டொமைன் தடைகளைச் சிஎஸ்வியாக ஏற்றலாம், இறக்கலாம். வசதிதான். ஆனால் ஒருவர் கோபத்தில் போட்ட வரி, பட்டியல் பட்டியலாக நகலாகி, மூலக் காரணம் தொலைந்து, பெயர் மட்டும் மிஞ்சும். ஒழுங்காகச் செய்ய நினைக்கும் அட்மினுக்கு ஒரு முறை:

ஏற்றுவதற்கு முன் தன் நடப்புத் தடைப் பட்டியலை இறக்கி வைக்க வேண்டும். புதுக் கோப்பை ஏற்றியதும் ஒவ்வொரு டொமைனும் தேர்வுப் பெட்டியுடன் வரும். தம் பயனர்களுக்கு ஏற்கெனவே தொடர்பு இருக்கிற டொமைன்களை அந்தப் பக்கமே எச்சரிக்கைக் குறியோடு காட்டும். அந்த வரிகளை விட்டுவிட்டு மற்றதை ஏற்றலாம். விட்டதை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து, ஐயம் இருந்தால் முதலில் லிமிட் போடலாம். லிமிட்டை எடுத்தால் எல்லாம் பழையபடி இருக்கும். சஸ்பெண்ட்டை எடுத்தால் அறுந்தது ஒட்டாது. எனக்கு ஒரே விதிதான் பிடிபட்டிருக்கிறது: திரும்ப எடுக்க முடியாத பொத்தானைப் பட்டியல் பார்த்து அழுத்தக்கூடாது.

இன்னொரு பொறி. மாஸ்டடானில் ஒரு டொமைனைத் தடுத்தால் அதன் துணை டொமைன்களும் சேர்ந்தே தடைபடும். இலவசத் துணை டொமைன் தரும் சேவைகளின் கீழ் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பலர் இருப்பார்கள். பட்டியலில் அந்தத் தாய் டொமைன் மட்டும் இருந்தால் எலிக்கு வைத்த தீ வீட்டையே எரிக்கும்.

மார்ச் 5, காலை 6.55

"யாரும் யார் வாயையும் அடைக்க முடியாது" என்ற முதல் வரிக்கே திரும்புகிறேன். 2019 ஜூலையில் தீவிர வலதுசாரிகளின் புகலிடமான கேப் தளம் தன் மென்பொருளைக் கைவிட்டு மாஸ்டடானின் கிளைப் பிரதிக்கு மாறியது. தடுக்க வழியில்லை. மாஸ்டடானின் ஏஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமம் யாருக்கும் ஓட்ட உரிமை தருகிறது. ஆனால் பெரும்பாலான சர்வர்கள் இணைய மறுத்தன, டஸ்கி போன்ற மாஸ்டடான் செயலிகள் உள்நுழைவையே மறுத்தன. கடைசியில் கேப் தானே கூட்டிணைப்பைக் (மற்ற சர்வர்களோடு பேசும் வசதியை) கழற்றிவிட்டது. 2021இல் டிரம்ப்பின் ட்ரூத் சோஷியலும் அதே மென்பொருளை எடுத்தது. அங்கே வழக்காகியிருக்கக்கூடியது அதில் என்ன பேசுவார்கள் என்பது அல்ல, அந்த உரிமம் கேட்கும்படி மூல நிரலை வெளியிடவில்லை என்பது. அக்டோபரில் மாஸ்டடான் தரப்பு எழுதியது, நவம்பரில் நிரல் வெளியானது.

பேச மேடை போட உரிமை உண்டு. என் வீட்டுத் திண்ணையில் மேடை போட உரிமை இல்லை. உங்களுக்கு வலிப்பது வேறு இடம்: திண்ணை உங்களுடையதும் அல்ல, அதைப் பூட்டியவரும் நீங்கள் அல்ல. எனவே பார்க்க வேண்டியது கிளம்பும்போது எதைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்பதை.

மார்ச் 5, காலை 7.40

தூக்கிக்கொண்டு போகும் வரிசை, மாஸ்டடானில்:

புதுச் சர்வரில் கணக்கு தொடங்குங்கள். அங்கே அமைப்புகளில் பழைய கணக்கை மாற்றுப்பெயராகச் சேருங்கள். இந்த வரிசை முக்கியம், பழையதில் தொடங்கினால் பிழை காட்டும். பிறகு பழைய கணக்கில் போய்ப் பின்தொடர்தல், பட்டியல்கள், தடைகள், மியூட்டுகள், டொமைன் தடைகள், புத்தகக்குறிகள் ஆறையும் சிஎஸ்வியாக இறக்குங்கள். இடுகைகளின் முழு ஆவணத்தையும் கேட்டு வையுங்கள், 7 நாளைக்கு ஒரு முறைதான் தரும். கடைசியாகப் பழைய கணக்கிலிருந்து இடமாற்றத்தைக் கடவுச்சொல் கொடுத்து உறுதிசெய்யுங்கள். பின்தொடர்வோரின் சர்வர்களுக்கு அறிவிப்பு போகும், அவை தாமாகவே பழையதை விட்டுப் புதியதைப் பிடிக்கும். சிஎஸ்விகளைப் புதியதில் ஏற்றுங்கள்.

கைவிடும் இடங்கள்: இடுகைகள் வராது, ஆவணம் படிக்க மட்டும். இன்னொரு முறை மாற 30 நாள் காத்திருக்க வேண்டும். பின்தொடர்பவரின் மென்பொருளுக்கு இடமாற்ற அறிவிப்பு புரியாவிட்டால் அவர் பழைய வாசலிலேயே நிற்பார். எல்லாவற்றையும்விட மோசம், பழைய சர்வர் உயிரோடு இருந்தால்தான் அந்த அறிவிப்பையே அனுப்ப முடியும்.

மார்ச் 5, காலை 7.52

அந்தக் கடைசி வரிக்கு உதாரணம்: குயர்.ஏஎஃப் என்ற சர்வர். சர்வரில் கோளாறு இல்லை, அட்மினோடு சண்டை இல்லை. .ஏஎஃப் ஆப்கானிஸ்தானின் டொமைன், 2024 பிப்ரவரியில் தாலிபான் நிர்வாகம் பெயரையே முடக்கியது. அட்மினுக்கு மேலே ஓர் அட்மின், அவருக்கு மேலே ஒரு நாடு.

மார்ச் 5, இரவு 8.30

"அப்படியானால் ப்ளூஸ்கைக்குப் போகலாமே, அங்கே அடையாளம் நம்மோடு வருமே" என்று வந்த பதிலுக்கு: பாதி உண்மை. ப்ளூஸ்கை வேறொரு சமூக வலை, அதன் நெறிமுறையின் பெயர் ஏடி.

ஏடி நெறிமுறையில் உங்கள் அடையாளம் ஒரு டிஐடி, அதாவது நிரந்தர அடையாளக் குறி. சர்வரின் பெயர் அதில் இல்லை. தரவுகள் இருக்கும் சர்வரை மாற்றினால் இடுகைகளும் பின்தொடர்வோரும் கூடவே வருவார்கள். இதில் மாஸ்டடானை அது தூக்கிச் சாப்பிடுகிறது. ஆனால் முன்கூட்டியே உங்கள் சொந்த மீட்புச் சாவியை டிஐடியில் சேர்த்து வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாவி சர்வர்காரரிடம்தான் இருக்கும், அவர் ஒத்துழைத்தால்தான் நகர முடியும். உயர் முன்னுரிமைச் சாவி உங்களிடம் இருந்தால், மற்றவர் செய்த மாற்றத்தை 72 மணி நேரத்துக்குள் புரட்டிப் போடலாம். இதைச் செய்து வைத்திருக்கும் பயனர்கள் அபூர்வம். கூரைமேல் ஏணி இருக்கிறது, ஏணிக்குப் போக ஏணி இல்லை.

மட்டுறுத்தலும் அங்கே அடுக்கடுக்காக இருக்கிறது. 2024 மார்ச் முதல் யார் வேண்டுமானாலும் ஓசோன் என்ற மட்டுறுத்தல் கருவியை நிறுவி லேபிளர் (இடுகைக்கும் கணக்குக்கும் குறி ஒட்டும் சேவை) நடத்தலாம். பயனர் 20 லேபிளர்கள் வரை சேர்த்து, ஒவ்வொரு லேபிளுக்கும் மறை, எச்சரி, கண்டுகொள்ளாதே என்று தானே முடிவு செய்யலாம். அழகான ஏற்பாடு. ஆனால் நிறுவனத்தின் சொந்த லேபிளரை அதிகாரப்பூர்வச் செயலியில் அணைக்க முடியாது. பெரும்பாலோர் பார்ப்பது எல்லா இடுகைகளையும் திரட்டிக் காட்டும் நிறுவனத்தின் ஆப்வியூ வழியாக. அது உங்களை நீக்கினால், தரவு உங்கள் சொந்த சர்வரில் பத்திரமாக இருக்கும், யார் கண்ணிலும் படாது.

மார்ச் 5, இரவு 9.05

ப்ளூஸ்கை அடுக்கு முறையின் வினோதம்: 2025 ஏப்ரலில் துருக்கி அரசின் கோரிக்கையால் சில கணக்குகள் அந்நாட்டுப் பயனர்களுக்கு மறைக்கப்பட்டன. மறைத்தது நாட்டுக்கென்று தனியாக வைத்த லேபிளர். அது அதிகாரப்பூர்வச் செயலியில் மட்டுமே கட்டாயம். அதே பிணையத்தை வேறு செயலி வழியாகத் திறந்தால் அந்தக் கணக்குகள் தெரிந்தன. தடையும் உண்டு, பக்கத்திலேயே சந்தும் உண்டு. அந்தச் சந்து எத்தனை நாள் திறந்திருக்கும் என்பது செயலிக் கடைகளின் கருணை.

மார்ச் 6, காலை 7.10

நாஸ்டர் என்ற இன்னொரு நெறிமுறையின் பக்கம் ஒரு நடை. அங்கே சர்வர் கணக்கே கிடையாது, சாவி ஜோடிதான் நீங்கள். இடுகைகளை வாங்கிக் கடத்தும் ரிலே உங்களை விரட்டினால் அடுத்த ரிலே. புகார் நிகழ்வுக்கு (அங்கே ஒவ்வொரு செய்தியும் ஒரு நிகழ்வு) கொடுத்திருக்கும் வகை எண் 1984, ஆர்வெலின் கண்காணிப்பு அரசு நாவலின் பெயர். நெறிமுறை எழுதியவர்களுக்கும் குசும்பு உண்டு. அந்தப் புகாரை ஏற்பது ஒவ்வொரு ரிலேயின் விருப்பம். அழிக்கச் சொல்லும் நிகழ்வு, வகை 5, வேண்டுகோள் மட்டும். ரகசியச் சாவி திருட்டுப்போனால் மீட்பு என்ற சொல்லே இல்லை. ஸ்பாமுக்கு எதிராகக் கணிப்புழைப்புச் சான்று (அனுப்புமுன் கணினியைக் கொஞ்சம் உழைக்க வைப்பது), கட்டண ரிலே, நம்பிக்கை வட்டம் என்று வழிகள் உண்டு, ஆனால் தேர்ந்தெடுப்பது உங்கள் தலையில். அட்மின் இல்லாத ஊரில் எல்லோரும் அட்மின், அதுவும் இரவுப் பணி.

மார்ச் 6, காலை 7.35

மேட்ரிக்ஸ் என்ற அரட்டைப் பிணையத்தில் அறை நடத்துபவர்களுக்கு ஒரே வரி: சர்வர் அனுமதிப் பட்டியலில் தடுக்க வேண்டியவற்றை மட்டும் எழுதிவிட்டு, அனுமதிப் பகுதியில் "எல்லோரும்" என்று பொருள்படும் நட்சத்திரக் குறியைப் போட மறந்தால் உங்கள் சர்வர் உட்பட அனைவரும் வெளியே. உள்ளேயிருந்து திருத்த முடியாது, புது அறைதான்.

மார்ச் 6, மாலை 5.45

புகார் பற்றிக் கேட்டவருக்கு. வேறு சர்வர் ஆள்மேல் புகார் கொடுக்கும்போது "அவர் சர்வருக்கும் அனுப்பு" என்ற பெட்டி வரும். டிக் செய்தால் புகார் உங்கள் சர்வரின் பெயரில் போகும், உங்கள் பெயர் இருக்காது. ஆனால் நீங்கள் எழுதிய விளக்கம் அப்படியே போகும். "நேற்று இவர் எனக்கு அனுப்பிய பதிலில்" என்று தொடங்கினால் பெயரைப் போடாமலே கையெழுத்துப் போட்டதாகும். அந்தச் சர்வரே தொல்லைக்காரர்களின் கூடாரம் என்றால் டிக் செய்யவே வேண்டாம்.

நடவடிக்கை உங்கள்மீதே வந்தால், 3.5 பதிப்பிலிருந்து மேல்முறையீடு உண்டு, 20 நாளுக்குள். போய்ச் சேர்வது அதே மட்டுறுத்துனர் குழுவிடம்தான், அது வேறு விஷயம். சஸ்பெண்ட் ஆன கணக்கின் தரவு 30 நாள் கழித்துதான் நிரந்தரமாக அழியும். அதற்குள் பேசுங்கள்.

மார்ச் 6, இரவு 10.20

குறிப்பிட்ட சொல் உள்ள இடுகைகளை மறைக்கும், பயனரின் சொந்த ஆயுதமான வடிகட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. தமிழில் எழுதுவோருக்கு அது பெரும்பாலும் வேலை செய்யாததற்குக் காரணம் "முழுச் சொல்" என்ற டிக். ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழில் வேற்றுமை உருபு ஒட்டியதும் சொல் மாறிவிடும். "ஆட்டம்" என்று முழுச் சொல்லாகப் போட்டால் "ஆட்டத்தில்" தப்பித்துவிடும்.

டிக்கை எடுங்கள். கடைசிப் புள்ளியையும் எடுத்து "ஆட்டம" என்று போடுங்கள். கணினிக்குப் புள்ளி தனி எழுத்து, அதனால் "ஆட்டம்", "ஆட்டமும்", "ஆட்டமே" மூன்றும் சிக்கும். அடுத்து "ஆட்டத்த", அதற்கடுத்து "ஆட்டங". பேராசையில் "ஆட்ட" என்று மட்டும் போட்டால் ஆட்டோவும் ஆட்டுக்குட்டியும் சேர்ந்து ஒளியும்.

மார்ச் 7, காலை 8.00

ஒரு திருத்தம். கணக்கைத் தடுத்தால் அவர் கண்ணுக்கு நம் இடுகை படாது என்று இடையில் ஒருவர் எழுதியதை ஆமோதித்திருந்தேன். பாதிதான் சரி. பொது இடுகையை அவர் உள்நுழையாமல் உலாவியில் திறந்தால் தெரியும். சர்வரில் கையொப்பமிட்ட கோரிக்கையை (கேட்பது எந்தச் சர்வர் என்று நிரூபிக்கும் கோரிக்கை) கட்டாயமாக்கினால், தடுக்கப்பட்ட சர்வர்கள் இடுகையை வேறு வழியாக இழுப்பது நிற்கும். பழைய மென்பொருள்கள் சில அதோடு பேச முடியாமல் போகும், சர்வருக்குச் சுமையும் கூடும். ப்ளூஸ்கையில் தடையே பொதுப் பதிவு, யாரை யார் தடுத்தார் என்று எவரும் பார்க்கலாம். கதவைச் சாத்தியதை ஊருக்கே தண்டோரா போடும் கதவு.

மார்ச் 8, காலை 9.25 (கேள்வி கேட்டவர்)

அட்மினிடம் பேசினேன். பட்டியலில் தவறுதலாக வந்தது என்று தடையை எடுத்துவிட்டார். ஆனால் 43 பேர் திரும்ப வரவில்லையே?

மார்ச் 8, காலை 9.50

வர மாட்டார்கள். தடையை எடுப்பது கதவைத் திறப்பது மட்டும். மார்ச் 3இல் இறக்கிய முதல் சிஎஸ்வியை அதே கணக்கில் ஏற்றுங்கள், நீங்கள் அவர்களைப் பின்தொடர்வது திரும்பும். பூட்டிய கணக்குகளாக இருந்தால் அனுமதிக்குக் காத்திருக்கும். உங்களைப் பின்தொடர்ந்தவர்களுக்கு இரண்டாவது சிஎஸ்வியைப் பார்த்து நீங்களே சொல்ல வேண்டியதுதான்.

ஏற்றும் பக்கத்தில் இரண்டு தேர்வுகள் இருக்கும்: இருப்பதோடு சேர்ப்பது, இருப்பதை மாற்றி எழுதுவது. சேர்ப்பதைத் தேர்ந்தெடுங்கள். மற்றதை அழுத்தினால் அந்த 43 பேர் மட்டும் மிஞ்சுவார்கள், மீதி எல்லோரையும் வெட்டியவர் இந்த முறை நீங்களாக இருப்பீர்கள்.